விஜயலக்ஷ்மிக்கு ஒரு டிபன்

கிழக்குக் கிட்வாய் நகர்,
புது தில்லி
10-11-2025

அன்பு மகள் ரோஹிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா வாயால் நீ கேட்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

போன வாரம் அண்டர் செக்ரட்டரி ரூமுக்கு ஃபைல் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தால் அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள். அண்டர் செக்ரட்டரி, “கருப்பசாமிஜி, ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே அவார்டு குடுத்துட்டாங்களா?” என்று இந்தியில் கேட்கிறார். என் பேன்ட்டின் பின்பக்கத்தில், சரியாக உட்காரும் இடத்தில், ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ‘வெரி குட்’ என்று எழுதியிருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில்கூட எனக்கு யாரும் வெரி குட் போட்டதில்லை. கடைசியில் கிடைத்தது, கிடைத்த இடம் அது.

மானம் போனதுகூடப் பெரிதில்லை. குழந்தையே இல்லாத வீட்டில் நட்சத்திர ஸ்டிக்கர் எப்படி வந்தது? உன் அம்மாவிடம் கேட்டேன். “கபாடிவாலா பேப்பர்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்” என்றாள். கபாடிவாலா நம் வீட்டிலிருந்து பழைய பேப்பரை எடுத்துக்கொண்டு போகிறவனே தவிர, கொண்டுவந்து கொடுக்கிறவனா?

இன்னொன்று. பால்கனியில் பாட்டில் மூடிகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறாள். சிவப்பு தனி, நீலம் தனி, மஞ்சள் தனி. எதற்கு என்றால் “செடிக்கு” என்கிறாள். எந்தச் செடி மூடி போட்டுக்கொண்டு வளர்கிறது? குளியலறையில் ஏதோ யானைப் பாட்டு வேறு பாடுகிறாள், இந்தியில். நான் கதவுப் பக்கம் போனால் பாட்டு நின்றுவிடுகிறது.

நேரடியாகவே கேட்கிறேன், அப்பாவிடம் மறைக்காதே. உனக்கு ஏதாவது விசேஷமா? உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, மூன்று மாதம் ஆகட்டும் என்று இருக்கிறீர்களா? அப்படியானால் சொல், நான் வாயைத் திறக்கமாட்டேன். சேஷுவிடம் மட்டும் சொல்வேன்.

சேஷு என்றதும் ஞாபகம் வருகிறது. ஏழாவது மாடி சேஷுவின் மகள் சுபாஷிணி, சின்னக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறதில் எம்.ஏ. சேர்ந்திருக்கிறாளாம். போன ஞாயிற்றுக்கிழமை தோசை ஊற்றிக்கொண்டே உன் அம்மா சொன்னாள். நான் சும்மா இருப்பேனா? “மூக்கு சிந்திவிடவா எம்.ஏ.? அப்ப டயபர் மாத்த பி.எச்டி. பண்ணணுமா?” என்றேன். நல்ல ஜோக் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா சிரிக்கவில்லை. அடுத்த தோசை ஒரு பக்கம் கருகி வந்தது. அதையும் தின்றேன்.

பிப்ரவரியோடு என் சர்வீஸ் முடிகிறது. சாத்தூர் வீட்டில் குடியிருந்தவர்களைக் காலிசெய்யச் சொல்லியாயிற்று, வெள்ளையடிக்கவும் ஆள் வைத்தாயிற்று. மார்ச்சில் சாமான் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னால் “பாப்போம்” என்கிறாள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஏன் காகிதம் என்று கேட்பாய். வாட்ஸப்பில் எனக்கு வருவதை அவள்தான் வாசித்துச் சொல்கிறாள், என் கண்ணாடிக்கு அந்த எழுத்து எட்டாது. வீட்டில் போன் பேசினால் அவள் காதில் விழும். ஆபீஸில் பேசினால் தபால் பிரிவு முழுவதும் கேட்கும். இத்தனை வருஷம் கவர்ன்மென்ட் தபாலை அனுப்பினவன், கடைசியில் சொந்தத் தபால் ஒன்றிரண்டு அனுப்பிக்கொள்கிறேன். பதிலை ஆபீஸ் விலாசத்துக்கே போடு.

மாப்பிள்ளை உதயாவுக்கு என் அன்பு.

உன் அப்பா,
கருப்பசாமி


விசாகப்பட்டினம்
20-11-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

லெட்டர் கிடைத்தது. ஆபீஸில் என் சீட்டுக்கு ஸ்பீட் போஸ்ட் வந்ததும் எல்லோரும் கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார்கள். லோதி ரோடு ஸ்கூலில் படித்த தமிழை வைத்து இரண்டு தடவை படித்தேன். உங்கள் ‘ழ’ இன்னும் ‘ந’ மாதிரியே இருக்கிறது.

விசேஷம் எதுவும் இல்லை. இருந்தால் முதலில் உங்களுக்குத்தான் போன் வரும், ஸ்டிக்கர் வராது. உதயாவிடம் படித்துக் காட்டினேன். “மாமாவோட அவார்டு ஃபோட்டோ இருக்கா?” என்று கேட்கிறார்.

மூடி, பாட்டு எல்லாம் எனக்குத் தெரியாது. அம்மா அம்மாவாகத்தான் இருப்பாள். எதுவானாலும் அவளிடமே கேளுங்கள். கேட்கும்போது ஜோக் அடிக்காமல் கேளுங்கள், அது மட்டும் போதும்.

புகை அதிகம் என்று நியூஸில் பார்த்தேன். மாஸ்க் போடுங்கள். மூக்குக்குக் கீழே போடக் கூடாது.

உங்கள்,
ரோஹிணி


புது தில்லி
8-12-2025

அன்பு மகள் ரோஹிணிக்கு,

உன் கடிதம் வந்தது. “எனக்குத் தெரியாது” என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதைத்தான் நான் பலமுறை படித்தேன். தெரியாதவர்கள் ‘என்ன மூடி? என்ன பாட்டு?’ என்று திருப்பிக் கேட்பார்கள். நீ கேட்கவில்லை. தபால் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு உறையைத் தொட்டாலே உள்ளே இருப்பது தெரியும் அம்மா.

நிலைமை முற்றிக்கொண்டு போகிறது.

லிஃப்டில் சேஷுவைப் பார்த்தேன். மகள் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று, “என்ன சேஷு சார், சுபாஷிணி எம்.ஏ. எப்படிப் போகுது?” என்றேன்.

“எம்.ஏ.வா? யாரு? அவ சி.ஏ. ஃபைனலுக்கு மண்டையை உடைச்சிண்டிருக்கா ஓய். ராத்திரி பூரா லைட் எரியறது, கரண்ட் பில் ஏறறது. எம்.ஏ.ன்னு யார் சொன்னா உமக்கு?”

என் வீட்டுக்காரிதான் சொன்னாள் என்று எப்படிச் சொல்வது? “வேற சுபாஷிணி” என்று சொல்லிவிட்டு, என் மாடி வருவதற்கு முன்பே இறங்கிவிட்டேன். மிச்சத்தைப் படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் ஏன் பொய் சொன்னாள்? சேஷுவின் மகள் எம்.ஏ. படித்தால் இவளுக்கு என்ன லாபம்?

அடுத்தது. போன புதன்கிழமை காய்ச்சல் மாதிரி இருந்தது என்று மத்தியானமே திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது. கீழே பெஞ்சில் காத்திருந்தேன். அம்மா வந்தாள், என்னைக் கண்டதும் முகம் மாறியது. “மலை மந்திருக்குப் போயிட்டு வாரேன்” என்றாள். முருகன் கோயிலுக்குப் போனவள் நெற்றியில் விபூதி இல்லை. முழங்கையில் நீலப் பெயிண்ட் இருந்தது. எந்தச் சன்னிதியில் நீலப் பெயிண்ட் கொடுக்கிறார்கள்?

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். அவள் பேச்சு மாறிவிட்டதே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. முந்தாநாள் காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். முன்பெல்லாம் “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்பாள். அதுதான் நம் வீட்டு வழக்கம், நானும் துடைத்துவிட்டுப் போவேன். அன்றைக்கு என்ன செய்தாள் தெரியுமா? பக்கத்தில் வந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, மெதுவாக, “காபி கொட்டிருச்சு. இப்ப என்ன செய்யலாம்னு நீங்க நினைக்கீக?” என்றாள். “துடைக்கலாம்” என்றேன். “நல்ல யோசனை” என்றாள்!

ரோஹிணி, இப்படி மரியாதையாகப் பேசுகிறவர்கள் ஏதோ ஒன்றை முடிவு செய்துவிட்டவர்கள். எங்கள் ஆபீஸில் ஒருத்தனைத் தூரமாக டிரான்ஸ்ஃபர் போடுவதற்கு முன்னால் இப்படித்தான் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார்கள்.

அவளுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா? டாக்டரிடம் போய்விட்டுக் கோயில் என்கிறாளா? அதையாவது சொல். இல்லையென்றால் ஒரு நாள் கேஷுவல் லீவ் போட்டுவிட்டுப் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன். உன் அப்பாவுக்கு அந்த அளவுக்கு மூளை உண்டு.

உன் அப்பா,
கருப்பசாமி


விசாகப்பட்டினம்
17-12-2025

அப்பா,

அம்மா உடம்பு நன்றாக இருக்கிறது. சத்தியம். இனிமேல் அந்தக் கவலை வேண்டாம்.

பின்னாலே போகிற வேலை வேண்டவே வேண்டாம். உங்கள் அளவு உயரத்தில், உங்கள் நடையில், தில்லியில் வேறு ஆள் இல்லை. திரும்பிப் பார்க்காமலே அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினது தப்பு. தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்திருங்கள், அவளே சொல்வாள். நீங்கள் சரியான முகத்தோடு இருந்தால் சீக்கிரம் சொல்வாள்.

உங்கள்,
ரோஹிணி


புது தில்லி
22-1-2026

அன்பு மகள் ரோஹிணிக்கு,

நீ வேண்டாம் என்றாய். நான் போனேன். திட்டுவதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள், முதலில் நடந்ததைக் கேள்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போகிற மாதிரியே கிளம்பினேன். கேட்டைத் தாண்டியதும் மங்கி குல்லாவை இழுத்துவிட்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கத்தில் வேர்க்கடலைக்காரனுக்குப் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். காட்டன் சேலை, தோளில் பெரிய துணிப்பை. பஸ்ஸில் ஏறி, பெண்களுக்குக் கொடுக்கும் அந்தப் பிங்க் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். நான் கடைசியில், கம்பத்துக்குப் பின்னால். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையில், பர்ஸ் அடிக்க வந்தவன் என்றே முடிவுசெய்துவிட்டான்.

லோதி ரோடு பக்கம் இறங்கினாள். உள்ரோட்டில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளிக்கூடம். அவள் உள்ளே போய்விட்டாள், நான் கேட்டுக்கு வெளியே நின்றேன். அங்கே ஏற்கெனவே இரண்டு மூன்று தாத்தாக்கள் பேரன் பேத்திகளை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள், அதனால் யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

கேட்டுக்கு உள்ளேயே, மண்ணில், ஒரு பெண்குழந்தை உட்கார்ந்திருந்தது. மூன்று நாலு வயது இருக்கும். உள்ளே வரமாட்டேன் என்று அழுகை. ஒரு ஆயா இழுத்துப் பார்த்தாள், ஒரு இளம் டீச்சர் பொம்மையைக் காட்டினாள். வரவில்லை. உன் அம்மா வந்தாள். என்ன செய்யப்போகிறாளோ என்று பார்த்தேன். சேலையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். குழந்தையைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து அந்த மூடிகளை எடுத்தாள். என் பால்கனி மூடிகள்! சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் அட்டையும் பேனாவுமாக உன் வயதுகூட இருக்காத ஒரு பெண், தள்ளி நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அழுகை குறைந்தது. ஒரு இடத்தில் அம்மா வேண்டுமென்றே தப்பாக வைத்தாள். குழந்தை கையை நீட்டி அதை மாற்றி வைத்தது. அப்புறம் எழுந்து, ஒரு மூடியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தானாகவே உள்ளே நடந்து போனது. உன் அம்மாவுக்கு எழுந்திருக்கத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டில் காவலுக்கு இருந்த கார்டு பையா, தானாகவே பேச்சுக் கொடுத்தான். இந்த மேடம்கள் எல்லாம் காலேஜிலிருந்து டிரெய்னிங்குக்கு வருகிறவர்களாம், எம்.ஏ. படிக்கிறார்களாம், “தோ ஸால் கா கோர்ஸ் ஹை”. அந்தப் பெரிய மேடம்தான் எல்லோருக்கும் முன்னால் வருவாளாம்.

இரண்டு வருஷம். அது மட்டும்தான் என் காதில் நின்றது.

அதோடு அவன் என் கையில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டான். வீட்டில் மறந்துவிட்ட டிபனைத் தாத்தாக்கள் கேட்டில் கொண்டுவந்து கொடுப்பது அங்கே தினமும் நடப்பதுதான் போலிருக்கிறது. “லாவோ தாதாஜி” என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டான். “பச்சே கா நாம்?” என்றான். பிள்ளையின் பெயர் என்ன என்கிறான். என் கண் உள்ளே போய்க்கொண்டிருந்த உன் அம்மாமேல் இருந்தது. “விஜயலக்ஷ்மி” என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அதற்குள் அவன் உள்ளே திரும்பி, “விஜயலக்ஷ்மி கா டிஃபன்!” என்று அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டான். நான் ஓடவில்லை என்று உனக்குச் சொல்ல ஆசைதான். ஓடினேன். மங்கி குல்லாவோடு, அறுபது வயதில், ஓடினேன்.

மத்தியானம் ரோட்டோரம் குல்ச்சா தின்றேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால், என் டிபன் பாக்ஸ் கழுவி, பாத்திரக் கூடையில் கவிழ்த்து வைத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

“சாப்பாடு எப்பிடி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.”

“என்ன கொழம்பு?”

காலையில் திறந்துகூடப் பார்க்கவில்லையே நான். “சாம்பார்” என்றேன்.

“ம்” என்றாள். அவ்வளவுதான். போய்ப் பட்டாணி உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு நான் வந்தது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பேரும் சீரியல் பார்க்கிறோம். நேற்று ரசத்தில் உப்பு இல்லை, நான் சொல்லவில்லை. மறதியா, என்னைச் சோதிக்கிறாளா?

ரோஹிணி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு இன்னும் ஒரு மாதச் சர்வீஸ். அவளுக்கு இரண்டு வருஷப் படிப்பு. கணக்குப் பார்க்க எனக்கு எம்.ஏ. தேவையில்லை. அவள் சாத்தூருக்கு வருவதாக இல்லை, அப்படித்தானே? நான் மட்டும் போய் வெள்ளையடித்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தாயும் மகளும் பேசி முடித்துவிட்டீர்களா?

உன் அப்பா,
கருப்பசாமி


விசாகப்பட்டினம்
30-1-2026

அன்புள்ள அப்பாவுக்கு,

திட்ட மாட்டேன். சிரித்துவிட்டு அழுதேன். உதயா பயந்துவிட்டார்.

இனி வாக்காவது ஒன்றாவது. சொல்லிவிடுகிறேன்.

சேஷு மாமா பெண் எம்.ஏ. படிக்கிறாள் என்று அம்மா ஏன் பொய் சொன்னாள் என்று கேட்டீர்களே. அம்மா ஆகஸ்டிலேயே சேர்ந்துவிட்டாள். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், முதலில் வேறு யாரோ சேர்ந்த மாதிரி சொல்லி, உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாள். நீங்கள் மூக்கு சிந்திவிட எம்.ஏ.வா என்றீர்கள். டயபருக்கு பி.எச்டி.யா என்றீர்கள். அன்றைக்கே எனக்குப் போன் செய்தாள். “நல்ல வேளை, சேஷு பொண்ணுன்னு சொன்னேன்” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, எனக்குத் தெரியும். உங்களை நீங்களே கேலி செய்துகொள்கிற மாதிரித்தான் மற்றவர்களையும் செய்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு அது வலிக்காது அப்பா. கிட்வாய் நகரில் வேலைக்குப் போகிற அம்மாக்களின் குழந்தைகளில் பாதி நம் வீட்டில்தான் வளர்ந்தது. இவள் கையில் சாப்பிட்டுத் தூங்கினவர்கள் எல்லாம் இப்போது வேலையில் இருக்கிறார்கள். “நான் செஞ்சதுக்கு ஒரு பேரு இருக்குன்னு இத்தனை நாள் தெரியாமப் போச்சே” என்று முதல் வாரம் சொன்னாள். வகுப்பில் எல்லோரும் என் வயசுக்குக் கீழே. இவளை ‘ஆன்ட்டிஜி’ என்று கூப்பிட்டு, இவளிடம்தான் சந்தேகம் கேட்கிறார்களாம். உங்களிடம் “இப்ப என்ன செய்யலாம்?” என்று கேட்டது டிரான்ஸ்ஃபர் இல்லை அப்பா, ஹோம்வொர்க். பேசிப் பழக வீட்டில் வேறு குழந்தை இல்லையே.

சாத்தூர் விஷயம். நாங்கள் எதையும் பேசி முடிக்கவில்லை. நீங்கள் பயப்படுவதும் நடக்காது. நடக்கப்போவது வேறு. மார்ச்சில் லாரி வந்து நின்றால், அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் படிப்பை நிறுத்திவிட்டு உங்களோடு ஏறிவிடுவாள். அதை எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அதனால்தான் நீங்கள் கேட்கும்போதெல்லாம் “பாப்போம்” என்கிறாள். லாரி வருகிறவரை படிக்கலாமே என்று.

இன்னொன்று. டிபன் வந்ததிலிருந்து அவளுக்கு வேறு பயம். “உங்கப்பா இன்னும் ஒரு ஜோக்கும் அடிக்கலை. எனக்குச் சந்தேகமா இருக்கு. ஃபேர்வெல்லுல மைக்கைப் பிடிச்சு எல்லார் முன்னாடியும் சொல்லுறதுக்குச் சேத்து வைக்காகளோ என்னவோ” என்கிறாள். உங்கள் பக்கத்தில் மேடையில் உட்கார மாட்டேன் என்கிறாள். நான்தான் போகச் சொல்லியிருக்கிறேன்.

இனி உங்கள் பாடு.

உங்கள்,
ரோஹிணி


புது தில்லி
1-3-2026

அன்பு மகள் ரோஹிணிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தேன். பதில் எழுதத் தெரியவில்லை. வீட்டில் வாயைத் திறக்கவும் பயம். எதைச் சொன்னாலும் ஜோக்காக வந்துவிடுகிற வாய் இது. நான் பேசாமல் இருக்க இருக்க உன் அம்மாவுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் என் நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை ஃபேர்வெல் நடந்தது. சால்வை, மாலை, சமோசா, ஒரு சுவர்க் கடிகாரம். இனிமேல்தான் எனக்கு மணி பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இப்போது கடிகாரம் கொடுக்கிறார்கள். உன் அம்மா வந்தாள். என் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். அண்டர் செக்ரட்டரி என்னைப் பற்றிப் பேசும்போது, அந்த நட்சத்திரக் கதையையும் எடுத்துவிட்டார். சபை சிரித்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, மடியில் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்கைக் கொடுத்தார்கள். இதற்காக ஒரு பேச்சு மனப்பாடம் செய்திருந்தேன், மறந்துவிட்டது. ரிட்டயர் ஆகிறவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்வியை யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். “காவ்ன் கப் ஜா ரஹே ஹோ, கருப்பசாமிஜி?” ஊருக்கு எப்போது கிளம்பல்?

“போகவில்லை” என்றேன். “இரண்டு வருஷம் தில்லியில்தான் இருப்பேன்.”

“ஏன்? எக்ஸ்டென்ஷனா?”

“இல்லை, புது வேலை. ஒரு நர்சரி ஸ்கூலுக்கு டிபன் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. கேட்டுவரைக்கும்தான், உள்ளே விட மாட்டார்கள். அந்தப் பிள்ளை எம்.ஏ. முடிக்கிற வரைக்கும் போகிறதாக இருக்கிறேன்.”

இந்தியில்தான் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கருப்பசாமி பேரனைத் தூக்கிக்கொண்டு அலையப்போகிறான், அதற்கு இப்படி ஒரு ஜோக் என்று நினைத்துக்கொண்டார்கள். பேத்தியா பேரனா என்றுகூட ஒருத்தர் கேட்டார். நான் நாற்காலிக்குத் திரும்பினேன். உன் அம்மா சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கடைசி நாள் என்பதால் ஆபீஸ் காரில் வீட்டில் கொண்டுவிட்டார்கள். மாலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

“ரெண்டு வருஷம்னு யாரு சொன்னா?” என்றாள்.

“கேட்டுல நிக்கிற கார்டு பையா.”

“பாதி வருஷம் முடிஞ்சாச்சு. இன்னும் ஒண்ணரைதான்.”

“சரி.”

“குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணுமே?”

“கொஞ்ச மாசம் இருக்க விடுவாங்க. அப்புறம் முனீர்காவுல ஒரு வீடு சொல்லி வச்சிருக்கேன்.”

“சாத்தூர் வீடு?”

“கெடக்கட்டும். அடிச்ச வெள்ளை ஒண்ணரை வருஷத்துல உதிர்ந்துராது.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கார் ஐ.என்.ஏ. சிக்னலில் நின்றது. அப்புறம் என் பக்கம் திரும்பி, பழைய குரலில், கண்ணு பிடரியிலயா என்று கேட்கிற அதே குரலில், “அன்னைக்கு என்ன கொழம்புன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாதுல்ல?” என்றாள்.

“தெரியாது. என்ன கொழம்பு?”

“சொல்ல மாட்டேன்” என்றாள்.

நேற்று காலையிலிருந்து ஒரே சந்தேகம். நான் ஏன் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டேன், இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, முனீர்கா வீட்டை எப்போது பார்த்தேன், யாரோடு போய்ப் பார்த்தேன் என்று என் சட்டைப் பைகளையெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறாள். தேடட்டும். இனிமேல் அவள் முறை. உன் கடிதங்களை நேற்றே சேஷு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் நான்தான் டிபன் கட்ட வேண்டுமாம். வகுப்புக்கு நேரமாகிறது என்கிறாள். எனக்குத் தெரிந்தது உப்புமாதான். அந்தக் கார்டு பையா சிரிக்காமல் இருக்க வேண்டும்.

உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். அவளிடம் சொல்லவில்லை, இனியும் சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லிவிடாதே. அன்றைக்குக் கேட்டுக்கு உள்ளே, மண்ணில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததே அந்தக் குழந்தை, கொஞ்ச நேரத்தில் எழுந்து உள்ளே போய்விட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நினைத்தேன்: அதன் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தால், அந்த மூடியைத் தொட்டிருக்கவே மாட்டேன். அவள் எழுந்து போய்விடுவாளே என்று, அழுதுகொண்டே இருந்திருப்பேன்.

உன் அப்பா,
கருப்பசாமி